பைப் பீகோ, கம்பி பீகோ, பில்லும் பீகோ: நடுவுல இந்த சப்ளையர் யாரு?

எக்ஸ்டன்வாசி:

வணக்கம். பென்சில்வேனியாவில, செஸ்டர் கவுண்டியில இருக்கோம். சொந்த வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகலை. அதுக்கு முன்னாடி அபார்ட்மென்ட். கேஸ் வாடகையோட சேர்ந்துடும், கரண்ட் பில்லைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. இப்ப கரண்ட், கேஸ் ரெண்டுமே பீகோ. இந்த ஊருக்குக் கம்பியும் பைப்பும் வெச்சிருக்கிற யூட்டிலிட்டி கம்பெனி அது.

போன சனிக்கிழமை கழுத்துல அட்டை மாட்டின ஒரு பையன் வந்தான், கையில டேப்லெட். "இந்தத் தெருவுல நிறைய பேர் பீகோவுக்கு அதிகமா கட்டிட்டு இருக்காங்க. உங்க பில்லைக் கொஞ்சம் காட்டுங்க, உங்களுக்குக் குறைப்பு சேருமான்னு பார்த்துச் சொல்றேன்"ன்னான். மனைவி பில் எடுக்க உள்ள போயிட்டா. நான் கூப்பிட்டு நிறுத்திட்டு, நோட்டீஸை மட்டும் வாங்கிட்டு அனுப்பிட்டேன்.

நோட்டீஸ்ல இருக்கிறது: கரண்ட் யூனிட் 8.9 சென்ட், 6 மாசத்துக்கு. கேஸும் பீகோ விலையைவிடக் கம்மி, அதுவும் 6 மாசம். கீழ கொட்டை எழுத்துல, மீட்டர் மாறாது, பைப் மாறாது, பில்லும் பீகோகிட்டேருந்தே வரும்.

எனக்குப் புரியாதது இதுதான். எல்லாமே பீகோவோடதுன்னா இவங்க எதைத்தான் சப்ளை பண்றாங்க? இவங்க கேஸ் என் வீட்டுக்கு மட்டும் எப்படிப் பிரிஞ்சு வரும்? நடுவுல இந்தக் கம்பெனி கடையைக் கட்டிட்டா ஹீட்டர் நின்னுடுமா? குளிர்காலத்துல அம்மா வந்து தங்கப் போறாங்க, அதனால இதுல விளையாட முடியாது. அப்புறம், அவன் ஏன் பில்லையே குறியாக் கேட்டான்?

---

மால்வர்ன் மாமா:

கதவைத் திறக்காதீங்க, அவ்வளவுதான். எல்லாம் ஃப்ராடு.

---

சிட்டிகேட்:

மாமா சொன்ன மாதிரி கதவைச் சாத்திட்டாலும் நஷ்டமில்லை. ஆனா தம்பி கேட்ட கேள்விக்கு அது பதில் கிடையாதே. நான் இந்த மாதிரி ஒரு சப்ளையர்கிட்ட கேஸ் ஷெட்யூலிங் பார்க்கிறவன், பல வருஷமா. கம்பெனி பேர் வேண்டாம். வாசல்ல வந்து நிக்கிற பசங்க பெரும்பாலும் சப்ளையரோட ஆளுங்களே கிடையாது. சேல்ஸ் ஏஜென்சிக்கு விட்டிருப்பாங்க, எத்தனை வீடு சேர்த்தாங்களோ அத்தனை கமிஷன். நாங்க உள்ள உட்கார்ந்து செய்யற வேலை வேற, வெளிய அவன் பேசற பேச்சு வேற.

பில்லை ஏன் கேட்டான்னா அதுல அக்கவுண்ட் நம்பர் இருக்கு. அந்த நம்பரும், நீங்க சம்மதிச்சதா ஒரு பதிவும் இருந்தா, சப்ளையர் பீகோவுக்கு எலக்ட்ரானிக்கா ஒரு கோரிக்கை அனுப்பிடலாம். கரண்ட் மூணு வேலை நாள்ல மாறிடும், கேஸுக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும். அதனால பில்லைப் பார்க்கக் கொடுக்கிறதும் வீட்டுச் சாவியைப் பார்க்கக் கொடுக்கிறதும் ஒண்ணுதான். உங்க மாநில விதிப்படி அவன் போட்டோ அடையாள அட்டை தெரியற மாதிரி மாட்டியிருக்கணும், தான் பீகோ ஆள் இல்லைன்னு சொல்லியாகணும். சொன்னானா?

இனி உங்க முதல் கேள்வி. இவங்க எதை சப்ளை பண்றாங்க?

1992-க்கு முன்னாடி பைப்லைன் கம்பெனியே கிணத்தடியில கேஸை வாங்கி, தன் பைப்புல கொண்டு வந்து, ஊர் யூட்டிலிட்டிக்கு விக்கும். அந்த வருஷம் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமான ஃபெர்க், 636-ஆம் நம்பர் உத்தரவைப் போட்டுது. இனிமே பைப்லைன்காரன் ஏத்தி இறக்கற வேலையை மட்டும் பார்க்கணும், கேஸ் வியாபாரத்தைத் தனியாப் பிரிக்கணும்னு. பைப்புக்குள்ள இருக்கிற இடம் வாடகைப் பொருள் ஆச்சு. இடத்தை வாடகைக்கு எடுத்து, கேஸை ஒரு முனையில வாங்கி மறு முனையில இறக்கற ஆளுங்க பெருகினது அப்பதான். மார்க்கெட்டர்னு சொல்றது இவங்களைத்தான். பென்சில்வேனியாவில கரண்ட்டுக்கு 1996-லயும் கேஸுக்கு 1999-லயும் சட்டம் வந்து, வீடுகளும் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம்னு ஆச்சு.

ஜனவரியில என் டெஸ்க்ல ஒரு நாள் எப்படிப் போகும்னு சொன்னா மீதி புரியும்.

காலையில வந்ததும் வானிலை. நாளைக்கு ஃபிலடெல்ஃபியாவோட சராசரி 25 டிகிரி ஃபாரன்ஹீட்னா, 65-லேருந்து கழிச்சு 40ன்னு எழுதுவோம். வெளிய 65 டிகிரி இருந்தா யாரும் ஹீட்டர் போட மாட்டாங்கங்கிறது கணக்கு. இந்த 40-க்கு 'டிகிரி டே'ன்னு பேரு. எங்க வாடிக்கையாளர்கள் மொத்தமா ஒரு டிகிரிக்கு எவ்வளவு இழுப்பாங்கன்னு பழைய மீட்டர் ரீடிங்லேருந்து எடுத்து வெச்சிருப்போம். பெருக்கினா நாளைக்கான தேவை. யூட்டிலிட்டியும் தன் பங்குக்கு ஒரு எண் கொடுக்கும்: நாளைக்கு இத்தனை டெகாதெர்ம் (கேஸை அளக்கிற அலகு) என் சிட்டி கேட்டுல வந்து விழணும்னு. சிட்டி கேட்னா பெரிய பைப்லைன் முடிஞ்சு ஊர் பைப் ஆரம்பிக்கிற இடம். போய்ப் பார்த்தா வேலி போட்ட ஒரு முற்றம், சாம்பல் கலர் பைப்புங்க, ஒரு மீட்டர் கொட்டகை. அழுத்தத்தைக் குறைக்கிறது அங்க. கேஸுக்கு வாசனை கிடையாது. கசிஞ்சா தெரியணும்னு அந்த நாத்த மருந்தைக் கலக்கறதும் பெரும்பாலும் அங்கதான்.

கேஸ் நாள் நள்ளிரவுல பிறக்காது. நம்ம கிழக்கு நேரப்படி காலையில 10 மணிக்குத் தொடங்கி மறுநாள் 10 மணிக்கு முடியும். நாளைக்கு வேணுங்கிறதை இன்னைக்கு மதியம் 2 மணிக்குள்ள பைப்லைனோட தளத்துல பதிஞ்சாகணும். இதுதான் நாமினேஷன். எந்தப் புள்ளியில ஏத்தறேன், எந்த கான்ட்ராக்ட்ல கொண்டு போறேன், எங்க இறக்கறேன், எவ்வளவுங்கிற விவரம். எனக்கு வித்தவனும் அதே எண்ணை அவன் பக்கத்துல போடணும். நான் 5,500 போட்டு அவன் 5,000 போட்டா, சின்ன எண்தான் நிக்கும். மீதி 500 என் தலையில. மதியம் 1.50 மணிக்குப் பொருந்தாத அந்த ஒரே ஒரு வரியைத் தேடி ஃபோனைப் போடறதுதான் என் பிழைப்பு.

உங்க பக்கம் வர்ற பெரிய பைப்புங்க டிரான்ஸ்கோ, டெக்சஸ் ஈஸ்டர்ன். ஒரு காலத்துல மெக்சிகோ வளைகுடா ஓரத்துலேருந்துதான் கேஸ் வந்துட்டு இருந்துச்சு. மார்செல்லஸ் பாறையைத் துளைக்க ஆரம்பிச்ச பிறகு உங்க மாநிலத்தோட வடகிழக்கு மூலையிலேருந்தே வருது.

ஆக, உங்க அடுப்புல எரியறது எங்க கேஸா, பீகோ கேஸான்னு யாராலயும் சொல்ல முடியாது. பிரிஞ்சு வர்றதே கிடையாது. நாங்க சிட்டி கேட்டுல இறக்கினது, எங்க வாடிக்கையாளர்கள் மீட்டர் மூலமா எடுத்தது, ரெண்டும் ஒட்டு மொத்தமா நேராகணும். நேராகலைன்னா யூட்டிலிட்டி எங்ககிட்ட வசூல் பண்ணும். கடும் குளிர்ல பைப்லைன்காரன் எச்சரிக்கை உத்தரவு போட்டிருக்கிற நாள்ல குறைஞ்சுதுன்னா, அபராதம் கேஸ் விலையைவிடப் பல மடங்கு.

இதுல வெள்ளிக்கிழமைதான் எனக்குப் பிடிக்காத நாள். கேஸ் சந்தையில வெள்ளிக்கிழமை வாங்கினா சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாளுக்கும் சேர்த்து, தினம் ஒரே அளவா வாங்கணும். திங்கக்கிழமையும் விடுமுறைன்னா நாலு நாள். சனிக்கிழமை இளஞ்சூடா இருந்து திங்கக்கிழமை பனி கொட்டினாலும் அளவு ஒண்ணுதான். மிச்சத்தை ஸ்டோரேஜுக்கு அனுப்பியும் குறையை அங்கேருந்து எடுத்தும் சமாளிக்கணும். ஸ்டோரேஜ் வசதி இல்லாத சின்ன சப்ளையர் அந்த வாரக் கடைசியில சாமி கும்பிட்டுட்டு இருப்பான்.

கரண்ட்டைப் பத்தித் தனியா எழுதறேன், வேலை வந்துடுச்சு.

---

எக்ஸ்டன்வாசி:

அட்டை மாட்டியிருந்தான், ஆனா பீகோ ஆள் இல்லைன்னு சொன்ன ஞாபகம் இல்லை. ரொம்ப நன்றி அண்ணா, கரண்ட்டையும் எழுதுங்க.

---

பிளானோ பிரசாத்:

சிட்டிகேட் வர்றதுக்குள்ள டெக்சஸ் கதை. எங்களுக்கு எல்லாமே தலைகீழ். உங்களுக்கு சும்மா இருந்தா பீகோ விலை இருக்கு. இங்க வீட்டுக்குக் குடி வந்த அன்னைக்கே ஒரு சப்ளையரைத் தேர்ந்தெடுத்தாகணும், 2002 ஜனவரி 1-லேருந்து அப்படித்தான். கம்பி ஆன்கோர்ங்கிற கம்பெனியோடது, ஆனா ஆன்கோர் கரண்ட் விக்காது. ஆஸ்டின், சான் அன்டோனியோ மாதிரி நகராட்சியே கரண்ட் கொடுக்கிற ஊர்ல தேர்வு கிடையாது. பக்கத்து ஃபிரிஸ்கோவில கூட்டுறவு சங்கத்துக் கம்பி போற தெருக்களுக்கும் கிடையாது. கேஸுக்கு எங்களுக்கும் ஒரே கம்பெனிதான்.

பவர் டு சூஸ்னு மாநில ஆணையமே தளம் நடத்துது. அதுல விலையை 1,000 யூனிட்டுக்குப் போட்டு வரிசைப்படுத்தினா மேல வர்ற திட்டத்துல பாதி சூழ்ச்சி. சரியா 1,000 யூனிட்டைத் தொட்டா 100 டாலர் கழிவு, 999-ல நின்னா கழிவே கிடையாது. எலக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபிள்னு ஒரு பக்கம் தருவாங்க, அதுல 500, 1,000, 2,000 மூணுக்கும் சராசரி விலை இருக்கும். நடு எண் மட்டும் பள்ளத்துல இருந்தா அது இந்த வகை.

2021 பிப்ரவரி புயலை யாரும் மறக்கலை. கிரிட்டின்னு ஒரு கம்பெனி, மாசம் 9.99 டாலர் சந்தா, மொத்த விலை அப்படியே வாடிக்கையாளருக்கு. மத்த நாள்ல மலிவுதான். புயல்ல மொத்த விலை மெகாவாட் மணிக்கு 9,000 டாலர்ங்கிற உச்சவரம்புல நாலு நாள் நின்னுச்சு. அதாவது யூனிட் 9 டாலர். ஒரு வீடு ஒரு நாளைக்கு 60 யூனிட் எடுத்தா 540 டாலர். மார்ச்ல கம்பெனி திவால். அந்த வருஷமே வீடுகளுக்கு அந்த மாதிரித் திட்டம் விக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துடுச்சு. கேஸ் வெள்ளிக்கிழமை பத்தி சிட்டிகேட் சொன்னாரே, அந்தப் புயலும் திங்கக்கிழமை விடுமுறை வர்ற பிரசிடென்ட்ஸ் டே வாரக் கடைசியிலதான் வந்துச்சு.

---

சிட்டிகேட்:

பிரசாத் சொன்னது சரி. அந்த வெள்ளிக்கிழமை, பிப்ரவரி 12, வாங்கினதுதான் செவ்வாய்க்கிழமை வரைக்கும். அதுக்குள்ள டெக்சஸ்ல கிணறே உறைஞ்சு போச்சு.

இப்ப கரண்ட். தம்பி, உங்க வீட்டுக்குப் பக்கத்துல, வேலி ஃபோர்ஜ் பக்கம் ஆடுபன்ல பிஜேஎம்னு ஒரு அலுவலகம் இருக்கு. 13 மாநிலத்துலயும் தலைநகர் வாஷிங்டன்லயும் மின்கட்டமைப்பை அங்கேருந்துதான் ஓட்டறாங்க. எங்க கரண்ட் டெஸ்க் தினமும் காலை 11 மணிக்குள்ள, நாளைக்கு மணிக்கு மணி இவ்வளவு வேணும்னு பிஜேஎம்கிட்ட கொடுக்கும். மதியம் 1.30-க்கு விலை வெளியாகும். நாளைக்கு எங்க வாடிக்கையாளர்கள் அதைவிடக் கூட எடுத்தா அந்த வித்தியாசத்துக்கு அந்த நேரத்து விலை. கேஸ் மாதிரி பைப்புலயோ கிடங்குலயோ கொஞ்சம் தேக்கி வெச்சுச் சமாளிக்கிற பேச்சே இங்க கிடையாது. எண் தப்பினா பணமாத்தான் கட்டணும்.

இது போக கெப்பாசிட்டின்னு ஒரு செலவு இருக்கு, பில்லுல தனியாத் தெரியாது. உச்சத் தேவை நாள்ல மின் நிலையம் தயாரா நிக்கணுமே, அதுக்கு முன்கூட்டியே ஏலம் விட்டுக் கட்டற பணம். வருஷம் ஜூன் 1-ல தொடங்கும். 2024-25-க்கு, பிஜேஎம்ல பெரும்பாலான பகுதிக்கு, ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 28.92 டாலர். 2025-26-க்கு 269.92. 2026-27-க்கு 329.17, அதுவும் உச்சவரம்பு வெச்சதால அங்க நின்னுது. அப்படிப்பட்ட பகுதியில, கோடை உச்ச நேரத்துல ஒரு வீட்டோட பங்கு 4 கிலோவாட்னு வெச்சுக்கங்க. முதல் விலையில மாசம் மூணரை டாலர், மூணாவது விலையில கிட்டத்தட்ட 40 டாலர். அந்த வீட்டுல ஒரு விளக்குகூடக் கூடுதலாப் போடலை.

இங்கதான் உங்க 8.9 சென்ட் வருது. அந்த விலைக்குள்ள என்னென்ன அடங்கியிருக்கு? மொத்த விலை, கெப்பாசிட்டி, டிரான்ஸ்மிஷன் (பெரிய கோபுரக் கம்பியில கொண்டு வர்ற செலவு), மாநிலம் கட்டாயப்படுத்தற பசுமை மின்சாரப் பங்கு, வாசல்ல வந்த பையனோட கமிஷன், அப்புறம் கம்பெனி லாபம். உருப்படியான சப்ளையர் உங்களைச் சேர்த்த உடனே உங்க கான்ட்ராக்ட் காலத்துக்கு மொத்தச் சந்தையில முன்கூட்டியே விலை பேசி வாங்கி வெச்சுடுவான். நாங்க வாடிக்கையாளருக்கு விக்கிறது உண்மையில அந்த விலை உறுதியைத்தான். குளிரோ வெயிலோ அதிகமாகி விலை ஏறினா நஷ்டம் யாருக்கு, இந்த ஒரு கேள்வியை வெச்சுத்தான் எந்தத் திட்டத்தையும் படிக்கணும். ஃபிக்ஸட்னா, அதாவது கான்ட்ராக்ட் முடியற வரைக்கும் விலை மாறாததுன்னா, எங்களுக்கு. வேரியபிள்னா, அதாவது மாசா மாசம் மாறறதுன்னா, உங்களுக்கு.

வேரியபிள்னா என்ன ஆகும்ங்கிறதுக்கு 2014 ஜனவரி போதும். 7-ஆம் தேதி காலையில பிஜேஎம்ல இருந்த மின் நிலையத் திறன்ல 22 சதவீதம் ஓடலை. சிலது பழுது, சிலதுக்கு கேஸ் கிடைக்கலை. அதே மாசம் நியூயார்க் பக்கம் டிரான்ஸ்கோ கேஸ் விலை எம்எம்பிடியுவுக்கு (டெகாதெர்ம் அளவேதான்) 100 டாலரைத் தாண்டுச்சு, சாதாரணமா 4, 5 டாலர் இருக்கிறது. வேரியபிள் ரேட்ல இருந்த வீடுகளுக்குப் பிப்ரவரியில பில் போச்சு. பென்சில்வேனியா பொதுப் பயன்பாட்டு ஆணையத்துக்குப் புகார் குவிஞ்சுது. அப்ப சப்ளையரை மாத்தறதுக்கே வாரக் கணக்குல ஆகும், வெளிய வரணும்னாலும் இன்னொரு பில்லை வாங்கிட்டுத்தான் வரணும். மூணு வேலை நாள் விதி அதுக்கப்புறம் வந்தது.

சப்ளையர்கிட்ட போறவங்க மொத்தத்துல லாபம் பார்க்கிறாங்களான்னு கேட்டா, என் தொழில்ல இருந்துட்டே சொல்றேன், வீடுகள்ல பெரும்பாலும் இல்லை. மாசச்சூசெட்ஸ் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 2018-ல ஒரு அறிக்கை போட்டுது. 2015 ஜூலையிலேருந்து ரெண்டு வருஷத்துல, தனித்தனியா சப்ளையர்கிட்ட போன வீட்டு வாடிக்கையாளர்கள், யூட்டிலிட்டியிலயே இருந்திருந்தா கட்டியிருக்கிறதைவிட சுமார் 17.7 கோடி டாலர் கூடக் கட்டியிருக்காங்க. பெரிய ஆலை, மருத்துவமனை, பல்கலைக்கழகம் கதை வேற. அவங்ககிட்ட விலை பேச ஆள் இருக்கு, கான்ட்ராக்ட்ல ஒவ்வொரு வரியும் பேரம்தான். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுட்டு மறந்துடுவார். அந்த மறதியில ஓடற கம்பெனிகள் இருக்கு, என்னைக் கேட்டா அதுகளுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கவே கூடாது.

கம்பெனி மூடிட்டா ஹீட்டர் நிக்காது. நீங்க தானாவே பீகோவோட இயல்பு சேவைக்குத் திரும்பிடுவீங்க, கேஸ் ஒரு நிமிஷம்கூட நிக்காது. கம்பி அறுந்தா, கேஸ் நாத்தம் அடிச்சா, யார் சப்ளையரா இருந்தாலும் பீகோவைத்தான் கூப்பிடணும். அம்மா தாராளமா வரட்டும்.

---

ஆல்ஃபரெட்டா அருண்:

ஜார்ஜியா வழக்கத்தையும் சொல்லிடறேன். எங்களுக்குக் கரண்ட் ஜார்ஜியா பவர், தேர்வு இல்லை. கேஸ்ல மட்டும் 1997 சட்டப்படி அட்லாண்டா கேஸ் லைட் பைப்பை மட்டும் பார்த்துக்கும், விக்கிறது முழுக்க மார்க்கெட்டர்கள். பீகோ மாதிரி திரும்பிப் போக ஒரு யூட்டிலிட்டி விலையே இங்க கிடையாது. எல்லாரும் தெர்ம், அதாவது கேஸ் யூனிட், விலையை மட்டும் பார்க்கிறாங்க, மார்க்கெட்டர் போடற மாதாந்திரக் கட்டணத்தை விட்டுடறாங்க. கோடையில நீங்க 10 தெர்ம் எரிச்சு, கட்டணம் 8 டாலர்னா, தெர்முக்கு 80 சென்ட் அதுலயே போச்சு. மாநில ஆணையம் மாசா மாசம் ஒப்பீட்டுப் பட்டியல் போடுது, அங்கேருந்து ஆரம்பிங்க.

தம்பி, உங்க நோட்டீஸ்ல மாதக் கட்டணம் ஏதாவது இருக்கா?

---

எக்ஸ்டன்வாசி:

மாதக் கட்டணம் இல்லை அண்ணா. அந்தக் கம்பெனி தளத்துல டிஸ்க்ளோஷர்னு நிபந்தனைகள் போட்ட பக்கம் கிடைச்சுது. மூணு விஷயம் கண்ணுல பட்டுது. ஒண்ணு, 6 மாசத்துக்கு அப்புறம் "மாதாந்திர வேரியபிள், உச்சவரம்பு இல்லை". ரெண்டு, நடுவுல விலகினா ஒவ்வொரு சேவைக்கும் ரத்துக் கட்டணம். மூணு, "சட்டம் அல்லது ஒழுங்குமுறை மாற்றத்தால் செலவு கூடினால் விலையை மாற்றும் உரிமை". மூணாவது புரியலை. பீகோவோட இப்போதைய விலை பில்லுல "பிரைஸ் டு கம்பேர்"ன்னு நோட்டீஸ் விலையைவிட அதிகமாப் போட்டிருக்கு, அதைப் பார்த்தா 8.9 லாபம்னு தோணுது.

---

சிட்டிகேட்:

மூணாவது வரிதான் நான் கெப்பாசிட்டி பத்தி நீளமா எழுதினதுக்குக் காரணம். ஏலத்துல விலை ஏறினா, அதை "ஒழுங்குமுறை மாற்றம்"னு வாதாடி உங்க தலையில இறக்க அந்த வரி இடம் கொடுக்கலாம். எல்லா சப்ளையரும் பண்ண மாட்டாங்க, ஆனா வரி இருந்தா உரிமை இருக்கு. அப்ப உங்க ஃபிக்ஸட் ரேட் முழு ஃபிக்ஸட் இல்லை. கையெழுத்துக்கு முன்னாடி ஃபோன் பண்ணி, "கெப்பாசிட்டி, டிரான்ஸ்மிஷன் ரெண்டும் 8.9-க்குள்ள அடக்கமா, ஜூன் 1-க்கு அப்புறமும்?"னு கேளுங்க. தடுமாறினா வெச்சிடுங்க.

பிரைஸ் டு கம்பேரை வெச்சு ஒப்பிட்டது சரி. அதுல உற்பத்தியும் டிரான்ஸ்மிஷனும் மட்டும்தான். பீகோ கம்பிக்கு வாங்கற டிஸ்ட்ரிபியூஷன் பங்கு யார்கிட்ட போனாலும் மாறாது, அதனால பில் மொத்தமும் குறையும்னு நினைக்க வேண்டாம். பீகோவும் அந்த விலையில லாபம் வைக்காது. ஆணையத்தோட மேற்பார்வையில ஏலம் விட்டு வாங்கி, வாங்கின விலைக்கே கொடுக்குது. ஆனா அந்த விலை மே 31 வரைக்கும்தான். ஜூன் 1, டிசம்பர் 1, வருஷத்துக்கு ரெண்டு தடவை மாறும். இப்ப ஏப்ரல். நீங்க ஒப்பிடற விலைக்கு ஆயுசே கொஞ்ச நாள்தான்.

அதைவிட நாளைப் பாருங்க. ஏப்ரல் கடைசியில சேர்ந்தா 6 மாசம் அக்டோபர் கடைசியில முடியும். கேஸை வெச்சுப் பார்த்தா, ஹீட்டரை அணைச்சுட்டு வெறும் அடுப்புக்கும் வெந்நீருக்கும் எரிக்கிற ஆறு மாசத்துக்குத்தான் மலிவு விலை. நவம்பர்ல நீங்க ஹீட்டரைத் திருப்பறப்ப உச்சவரம்பில்லாத வேரியபிள்ல நிப்பீங்க. வருஷத்து கேஸ்ல பெரும்பங்கு எரியறது நவம்பரிலேருந்து மார்ச் வரைக்கும். அந்தத் திட்டத்தைப் போட்டவனுக்குக் காலண்டர் நல்லாத் தெரியும்.

கேஸை பீகோவிலயே விட்டுடுங்க. அவங்க விலை மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாறும், ஆனா கோடையில ஸ்டோரேஜ்ல நிரப்பி வெச்சதும் குளிர்கால விலையில கலந்துடறதால துள்ளல் குறைவு. வேணும்னா கரண்ட்டை மட்டும் பாருங்க. ஜூன் 1 விலை வெளியான பிறகு, பிஏ பவர் ஸ்விட்ச்னு ஆணையத்தோட தளத்துல உங்க ஜிப் கோடைப் போட்டு, 12 மாசம் அல்லது அதுக்கு மேல, ரத்துக் கட்டணம் இல்லாதது, ஃபிக்ஸட், இந்த மூணையும் வடிகட்டுங்க. கிஃப்ட் கார்டு தர்றவன், விமான மைல் தர்றவன் எல்லாரையும் தள்ளுங்க, அந்தக் காசும் யூனிட் விலைக்குள்ளதான் இருக்கு.

---

மால்வர்ன் மாமா:

நான் ஒரு வரியில சொன்னதைத்தான் இவ்வளவு நீளமா சொல்லியிருக்கீங்க.

---

சிட்டிகேட்:

கரண்ட்டுல 12 மாச ஃபிக்ஸட் வாங்கி மிச்சம் பண்ணினவங்களும் இருக்காங்க மாமா, அவங்களுக்கு உங்க ஒரு வரி போதாது.

---

எக்ஸ்டன்வாசி:

கேஸ் பீகோவிலயே. கரண்ட்டுக்கு ஜூன் வரைக்கும் பொறுக்கிறேன். கடைசியா ஒண்ணு. பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்தப் பையன்கிட்டயே செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டுட்டாராம், ரெண்டுக்கும் சேர்த்து. இப்ப என்ன பண்ணலாம்?

---

சிட்டிகேட்:

டிஸ்க்ளோஷர் பேப்பர் கையில கிடைச்சதுலேருந்து மூணு வேலை நாள் இருக்கு, அதுக்குள்ள சப்ளையருக்குச் சொன்னா எந்தக் கட்டணமும் இல்லாம ரத்து. கையெழுத்துப் போட்டப்பவே பேப்பரைக் கொடுத்திருந்தா வெள்ளிக்கிழமையோட முடியும், அதனால இன்னைக்கே கூப்பிடச் சொல்லுங்க. ஃபோன்ல சொல்லி, மெயிலும் அனுப்பி, ரத்துக்கான உறுதி நம்பரை வாங்கி எழுதி வெச்சுக்கட்டும். பீகோகிட்டேருந்தும் சப்ளையர் மாறறதா ஒரு கடிதம் வரும், அதைக் குப்பைன்னு தூக்கிப் போட வேண்டாம்.

நாள் தாண்டிடுச்சுன்னா, ரத்துக் கட்டணத்தைக் கட்டி வெளிய வர்றதா, அக்டோபர் வரைக்கும் இருந்துட்டு வர்றதான்னு கணக்குப் போடணும். இருக்கிறதா முடிவு பண்ணினா, கான்ட்ராக்ட் முடியறதுக்கு 45-லேருந்து 60 நாளைக்கு முன்னாடி சப்ளையர்கிட்டேருந்து ஒரு கடிதம், 30 நாளைக்கு முன்னாடி இன்னொண்ணு வரும். ரெண்டாவதுலதான் அடுத்த விலை, திட்டம் எல்லாம் இருக்கும். அது செப்டம்பர்ல வந்து சேரும். பெரியவருக்கு இங்கிலீஷ் கடிதம் படிக்கச் சிரமம்னா நீங்க வாங்கிப் படிச்சுக் கொடுங்க.